என் குரலில் ஒரு பூச்சாண்டி

எல்.கே.ஜி. வகுப்புக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சாயந்திரம் பள்ளி விடும் நேரம். கேட் பக்கத்தில் ஓர் அம்மா தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, "மிஸ், இவன் வீட்ல சாப்பிடவே மாட்டேங்கிறான். நீங்க ஒரு வாட்டி மிரட்டி வையுங்களேன்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

எனக்குத் தெரியும். கண்ணை உருட்டுவீர்கள், விரலை ஆட்டுவீர்கள், "அப்படியா? நாளைக்கு வா, பேசிக்கிறேன்" என்பீர்கள். பிள்ளை அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அம்மா சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிப் போவார். நானும் இருபத்தேழு வருஷம் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள ஒத்துழைப்பு அது என்றே நம்பினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வட்டம் போடச் சொல்லித்தருவது, கத்தரிக்கோல் பிடிக்கவைப்பது, அழுகிற பிள்ளையை முதல் வாரம் சமாளிப்பது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதில் நான் கை வைக்கப்போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு மதியம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முழுசாக மூன்று மணி நேரம்கூட இருக்காது.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரு ஆஸ்டின் டவுனில். எங்கள் தெருவில் சத்தமாகப் பேசாதவளுக்குக் குழாயில் தண்ணீர் கிடைக்காது. அந்தத் தொண்டையோடுதான் இரண்டு பஸ் மாறி எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வாண்டுகள் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டாலும் நான் ஒரு தடவை "ஃபிங்கர் ஆன் லிப்ஸ்" என்றால் இருபத்தெட்டு விரலும் உதட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து விரல் வைப்பார்கள் என்று மற்ற மிஸ்கள் கேலி செய்வார்கள்.

என் வகுப்பில் யாழினி என்று ஒரு பெண். நாலு வயது. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஐ.டி. வேலை. குழந்தை துறுதுறுவென்று இருப்பாள், ஆனால் தூங்கமாட்டாள். வீட்டிலும் தூங்கமாட்டாள், பள்ளியில் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்துப் படுக்கவைக்கிற நேரத்திலும் தூங்கமாட்டாள். ஒருநாள் அவள் அம்மா கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மிஸ், ராத்திரி பதினொரு மணி ஆனாலும் கண்ணை மூட மாட்டேங்கிறா. நாங்க சொன்னா காதுலயே வாங்கறதில்லை. உங்களுக்கு மட்டுந்தான் பயப்படறா. நீங்க ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீங்கன்னா நான் போட்டுக் காட்டிக்குவேன்."

பாவம், அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். மறுக்க மனசு வரவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பேசி அனுப்பினேன். என் தொண்டைக்கு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "யாழினி! கண்ணு திறந்திருக்கா? மிஸ் பார்த்துட்டே இருக்கேன். தூங்காதவங்களை ஸ்டோர் ரூம்ல போட்டுடுவேன்!"

ஸ்டோர் ரூம் என்பது எங்கள் வகுப்பை ஒட்டி இருந்த சின்ன அறை. பாய்களும் பழைய சார்ட்டுகளும் அடுக்கி வைத்திருப்போம். பிள்ளைகள் யாரும் உள்ளே போனதில்லை. எந்தப் பிள்ளையையும் நான் அதில் போட்டதில்லை, போடவும் மாட்டேன். சும்மா ஒரு பேச்சு.

மறுநாள் அந்த அம்மா ஒரு டப்பா இனிப்புக் கச்சாயத்தோடு வந்து நின்றார். அஞ்சு நிமிஷத்தில் தூங்கிவிட்டாளாம். விஷயம் மற்ற அம்மாக்கள் காதுக்குப் போனது. சாப்பிடாத பிள்ளைக்கு ஒன்று, பல் தேய்க்காத பிள்ளைக்கு ஒன்று, மொபைலைக் கீழே வைக்காத பிள்ளைக்கு ஒன்று என்று ஒரே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. ஓய்வு பெற்ற பிறகு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். இதெல்லாம் எங்கே போய் முட்டும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

இதற்கிடையில் போக்குவரத்து என்ற பாடம் வந்தது. வீட்டில் கிடைக்கிற அட்டை, பாட்டில் மூடி எதையாவது வைத்துப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு வண்டியோ சிக்னலோ செய்து அனுப்புங்கள் என்று எழுதிவிட்டேன். "சேர்ந்து" என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தேன். கோடு போட்டு என்ன பிரயோஜனம்? பிள்ளைகளுக்கான வேலையை அப்பாக்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்து அனுப்பினார்கள். யாழினியின் அப்பா சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒரு டிராஃபிக் சிக்னல் செய்திருந்தார். சில்க் போர்டு சந்திப்பில் கொண்டுபோய் நட்டால் வண்டிகள் நிற்கும், அவ்வளவு அச்சாக இருந்தது. பின்னால் ஒரு சின்ன சுவிட்ச், சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்ட பேட்டரி, அதை டேப் போட்டு ஒட்டியிருந்தார். சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும்.

"நீ என்ன செஞ்சே இதுல?" என்று யாழினியிடம் கேட்டேன்.

"கை வெக்காதேன்னு அப்பா சொன்னாங்க. நான் வெக்கல மிஸ்" என்றாள்.

அந்தப் பதிலிலேயே நான் விழித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பா செய்த பொருளுக்குப் பிள்ளையின் கையில் ஸ்டார் ஒட்டிவிட்டு, சிக்னலை முன்வரிசை ஷெல்ஃபில், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தேன். விளக்கு அழகாக இருக்கிறதே என்று எரியவும் விட்டுவிட்டேன். பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து, திரையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்து எல்லோரையும் படுக்கவைத்தோம். ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு படுப்பார்கள். யாழினியின் பாய் அந்த ஷெல்ஃபுக்கு நேர் கீழே. "யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, மிஸ் பார்த்துட்டே இருக்கேன்" என்று வழக்கமான மந்திரத்தைச் சொல்லிவிட்டு, நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொன்னேனே தவிர, பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து ஆயா ரத்னம்மா பாய் மடிக்க வந்தார். கன்னடக்காரம்மா, எங்களோடு பேசிப் பேசித் தமிழும் நன்றாகவே வரும். "மிஸ், சிக்னல் ஆஃப் ஆயிடுச்சே" என்றார். போய்த் திருப்பிப் பார்த்தேன். டேப் கிழிந்திருந்தது. பேட்டரியைக் காணோம்.

உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் அது உள்ளேயே சுட்டுப் புண்ணாக்கும், நேரம் கடத்தவே கூடாது என்று பள்ளிக்கு வந்த ஒரு டாக்டர் எங்களை எச்சரித்திருந்தார். பயம் வந்தால் மனுஷனுக்குப் பழக்கம்தானே முன்னால் வரும்? என் பழக்கம் என் தொண்டை.

"யாரு எடுத்தது அதை?" என்று ஒரு சத்தம் போட்டேன். இருபத்தேழு விரல்கள் உதட்டுக்குப் போயின. யாழினி மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடிப்போய்க் கையை விலக்கி வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. "முழுங்கிட்டியா? சொல்லு! முழுங்கிட்டியா?" தலையை ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. நான் கேட்கக் கேட்க உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். பாக்கெட்டைத் தேடினோம், பையைத் தேடினோம், பாயை உதறினோம், ஷெல்ஃபை நகர்த்திப் பார்த்தோம். இல்லை. மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கேட்டோம். ஒரு பையன், "யாழினி எழுந்திரிச்சா மிஸ், நான் பார்த்தேன்" என்றான். அவன் கண்ணைத் திறந்திருந்ததற்காக நான் திட்டுவேனோ என்று உடனே அழ வேறு ஆரம்பித்தான்.

"அடியே, சொல்லித் தொலையேன்" என்று நான் மறுபடி குனிந்தபோது ரத்னம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"மிஸ், நீங்க கேக்காதீங்க. நீங்க கேட்டா இந்த மகு சொல்லாது. இதுக்கு நீங்கதான் கும்மா."

கன்னடத்தில் மகு என்றால் குழந்தை, பூச்சாண்டிக்குக் கும்மா என்று பேர். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட அப்போது நேரம் இல்லை.

அதற்குள் கோ-ஆர்டினேட்டர் மேடம் வந்துவிட்டார். "பேரண்ட்ஸ் வரட்டும். அவங்க இல்லாம நாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா நாளைக்கு நம்ம மேலதான் திரும்பும். இன்னும் ஒரு தடவை நல்லா தேடுங்க. அதுவரைக்கும் ஒரு வாழைப்பழம் குடுங்க, இருந்தா தள்ளிட்டுப் போயிடும்" என்றார். கெட்டவர் இல்லை. பயந்த மனுஷி, அவ்வளவுதான்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது. குழந்தை விழுங்கியும் இருக்கலாம், ஜன்னல் வழியாக வெளியே போட்டும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒன்றுமில்லை என்றால் பெற்றோர் குரூப்பில் என் மானம் கப்பலேறும். காத்திருந்து, விழுங்கியிருந்தாள் என்றால்? ஒரு பக்கம் என் மானம், இன்னொரு பக்கம் அந்தச் சின்னத் தொண்டை. தராசில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? "வாயில எதுவும் குடுக்க வேண்டாம் மேடம். நான் கிளம்புறேன். திட்டுறதுன்னா வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ரத்னம்மா குழந்தையின் காலில் ஷூவைத் திணித்துத் தூக்கிக்கொண்டார்.

நடந்துகொண்டே அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். மறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னேன். "சிக்னல்ல இருந்த பேட்டரியைக் காணோம். யாழினி முழுங்கியிருப்பாளோன்னு பயமா இருக்கு. எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போறேன், நீங்க சம்மதம் சொல்லுங்க, நேரா அங்க வந்துடுங்க."

"கிளம்புங்க மிஸ், கிளம்புங்க!" என்று ஒரு அலறல்.

ஆட்டோ மேம்பாலத்துக்கு அடியில் சிக்னலில் மாட்டிக்கொண்டது. ரெண்டு கிலோமீட்டர்தான், ஆனால் சிவப்பு விழுந்தால் அங்கே ஒரு யுகம். டிரைவரிடம், வண்டிகளிடம், அந்த விளக்கிடம் எல்லாம் நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ரத்னம்மா மடியில் இருந்த யாழினி வெளியே அந்தச் சிவப்பு விளக்கை எட்டிப் பார்த்து, அவர் காதில் மெதுவாகக் கேட்டாள்.

"ஆயாம்மா, அது தூங்காதா?"

"இல்ல மகு, அது எப்பவும் முழிச்சிட்டே இருக்கும்."

"மிஸ் பார்த்துட்டா?"

என் காதிலும் விழுந்தது. "இப்ப பேச்சு வேண்டாம், வாயை மூடு" என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! குழந்தை அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் முன்னால் "சொல்லு, சொல்லு" என்று உலுக்கிய நான், அவள் சொல்ல ஆரம்பித்ததும் வாயை மூடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். பேட்டரி என்று சொன்னதும் டாக்டர் வேறு எதையும் கேட்கவில்லை, உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பினார். அதற்குள் யாழினியின் அம்மா கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும், "உங்களை நம்பித்தானே மிஸ் விட்டோம்? நாப்பது நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பின்னாலேயே அப்பா வந்தார். "நான்தான் மேம்... பேட்டரியை வெறும் டேப் போட்டு விட்டுட்டேன். என் தப்பு" என்று சுவரில் சாய்ந்து நின்றார்.

அந்தக் காத்திருப்பை நான் வர்ணிக்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும், தெரியாத சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒண்ணும் இல்லைம்மா. தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் கிளியர். முழுங்கல" என்றார்.

யாழினியின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ரத்னம்மா மட்டும், "தேவரு தொட்டவரு" என்று, கடவுள் பெரியவர் எனக் கன்னடத்தில் சொல்லி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆகவேண்டிய காரியத்தைப் பார்த்தார். எக்ஸ்ரேக்காகக் கழற்றிய ஷூவைக் குழந்தைக்கு மாட்டக் குனிந்தார். யாழினி சடாரென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஆயாம்மா. அங்க தூங்குது."

"ஏனு, என்ன தூங்குது மகு?"

யாழினி என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைக் கீழே இறக்கி, "மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. ரத்னம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"லைட்டு தூங்கவே இல்ல. எல்லாரும் தூங்கினாங்க, அது மட்டும் கண்ணு திறந்தே இருந்துச்சு. அதான் நான் தூங்க வெச்சேன்."

"ஏன் மகு?"

அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குரலைத் தடிமனாக்கி, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் போலவே பேசிக் காட்டினாள். "கண்ணு திறந்திருக்கா? மிஸ் பார்த்துட்டே இருக்கேன். தூங்காதவங்களை ஸ்டோர் ரூம்ல போட்டுடுவேன்!"

பேரைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. தினமும் ராத்திரி கேட்டுக் கேட்டு மனப்பாடம். ரத்னம்மா சாக்ஸைக் கீழே இறக்கினார். கணுக்காலுக்குப் பக்கத்தில், தோலில் வட்டமாக அழுந்திய தடத்தோடு, அந்த பேட்டரி இருந்தது. பாவி மகள், அந்த விளக்கை என்னிடமிருந்து காப்பாற்றி ஒளித்து வைத்திருக்கிறாள்!

அந்த அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் முன்னால் என்னைக் கேள்வி கேட்டவர் போனை எடுத்தார். என் எதிரிலேயே அந்த வாய்ஸ் மெசேஜை அழித்தார். "ரெண்டு பேருமாத்தான் மிஸ் பண்ணிட்டோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டோர் ரூம் கதவை விரியத் திறந்தேன். இருபத்தெட்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய்ப் பாய்களைக் காட்டினேன். அஞ்சே நிமிஷத்தில் பாய் அடுக்கின் மேலிருந்து குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோ-ஆர்டினேட்டர் மேடத்திடம் திட்டும் வாங்கினேன், ஆனால் அதில் பாதி சிரிப்பு. மற்ற அம்மாக்களுக்கும் போன் போட்டு, என் குரலை அழித்துவிடச் சொன்னேன். "ஐயோ மிஸ், அப்புறம் எப்படி சாப்பிட வெக்கிறது?" என்று இரண்டு பேர் சண்டைக்கே வந்தார்கள்.

அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் பிள்ளை சாப்பிடாவிட்டால் அது வீட்டு விஷயம், பள்ளியை அதில் இழுக்காதீர்கள். பள்ளியில் சேட்டை செய்தால் நானும் "அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கமும் பூச்சாண்டி நின்றால் நடுவில் உள்ள பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? பேட்டரியை முழுங்கினால்கூடச் சொல்லாது. படிப்பு, எழுத்து எல்லாம் எப்படியும் வந்துவிடும். நடந்ததை நடந்தபடி ஒரு பெரியவரிடம் வந்து சொல்கிற தைரியம் இந்த வயதில் போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பெற்றோர் வீட்டில் என்ன உதவி செய்யலாம் என்று உங்களிடம் கேட்டால், சிக்னல் செய்து தரச் சொல்லாதீர்கள். பிள்ளை கோணல்மாணலாக ஒட்டும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நான் ஆட்டோவில் செய்ததைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

யாழினியின் அப்பா அப்புறம் அப்படித்தான் உட்கார்ந்தார் போலிருக்கிறது. அடுத்த வாரம் பிஸ்கட் டப்பா அட்டையில் ஒரு புது சிக்னல் வந்தது. மூன்று வட்டத்தில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. பச்சைக்குப் பதில் ஊதா. மதியம் படுக்கும்போது அவளே போய் அதைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு வந்து படுத்தாள். தூங்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் அம்மாவின் எண்ணிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஐயய்யோ, மறுபடியும் மிரட்டக் கூப்பிடுகிறார்களா என்று சலித்துக்கொண்டேதான் போட்டுக் கேட்டேன். அம்மாவின் குரல் இல்லை.

"மிஸ், நான் யாழினி. இன்னிக்கு நான் பாதி தோசைதான் சாப்பிட்டேன். மீதியைக் காக்காய்க்குப் போட்டுட்டேன். அம்மா சொல்லச் சொல்லல மிஸ். நானே சொல்றேன்."

இரண்டு தடவை கேட்டேன். அப்புறம், "பாதி தோசை போதும்டி தங்கம். காக்காய் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டு அனுப்பினேன்.